பதிமூன்றாம் மாடிக்கு ஒன்பது டீ

சரவணம்பட்டிக்கு வடக்கே, முன்பு சோளக்காடாகக் கிடந்த இடத்தில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அந்தக் கட்டடத்தின் பதிமூன்றாம் மாடியிலிருந்து பத்து மூட்டை சிமெண்டும், இரண்டு வண்டி ஜல்லியும், ரேடியோவுக்கு இரண்டு பேட்டரிக் கட்டையும் வேண்டுமென்று செய்தி வந்தது. துளசிமணி அதை வாசித்தபோது கையில் பாதி தின்ற இட்லி இருந்தது. மிச்சத்தைத் தின்று, கையைக் கழுவி, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். பதிமூன்று என்றுதான் இருந்தது.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அந்த சைட்டில் நால்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நால்வர் என்பது கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய நான்கு மென்பொருள் முகவர்களுக்கு டீக்கடை சுப்பையன் வைத்த பெயர். ஒருவர் வரைபடத்தைப் பார்ப்பார், ஒருவர் சரக்கைப் பார்ப்பார், ஒருவர் ஆள்களைப் பார்ப்பார், நான்காமவர் செய்த வேலை சரிதானா என்று சோதிப்பார். உருவம் கிடையாது, எல்லாருடைய போனிலும் குரல் மட்டும் உண்டு. கம்பி கட்டுகிறவர் ஐந்தாம் மாடியில் நின்று ஒடியாவில் கேட்டதைக் கீழே பொறியாளர் தமிழில் கேட்பார், பொறியாளர் சொன்ன பதில் மேலே ஒடியாவில் போய்ச் சேரும், அதற்குள் சரக்கு பார்ப்பவர் லாரியைக் கிளப்பியிருப்பார், சோதனை பார்ப்பவர் தேதி குறித்திருப்பார். நால்வருக்குள் பேச்சு முட்டிக்கொண்டால் மட்டும் துளசிமணியைக் கூப்பிடுவார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி கேட்டுக்கொள்வார்கள்.

அன்று அவள்தான் அவர்களைக் கூப்பிட்டாள். ஆள் பார்ப்பவரிடம் கேட்டாள்: "இது எந்தப் போன்ல இருந்து வந்துச்சு?"

"போன் இல்லைங்க. மேல இருந்து கூவுனாங்க. காதுல விழுந்ததை எழுதிக்கிட்டேன்."

"மேல ஆரும் இல்லையே?"

"ஒன்பது பேர் இருக்காங்க" என்றது குரல், பஸ்ஸில் எத்தனை பேர் என்று கேட்டால் கண்டக்டர் சொல்வதைப் போல.

மானேஜர் ஜெயசிம்மன் மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் இரண்டு நாள் குடைந்து பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றார்கள். அதற்குள் வரைபடம் பார்ப்பவர் பதிமூன்றாம் மாடிக்குப் புதிதாக ஒரு தாள் சேர்த்துவிட்டார். சுற்றுச்சுவர் இல்லாத ஒரு பெரிய கூடம், வேறொன்றும் அதில் இல்லை. ஜெயசிம்மன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தை மாதம் வீடுகளை ஒப்படைக்க வேண்டும், வேலையும் என்றைக்கும் இல்லாத வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. "அனுப்பி விடுங்க துளசி. இதுக்காக வேலை நிக்கக் கூடாது" என்றார்.

பொருள் ஏற்றும் ஹாய்ஸ்ட்டை ஓட்டுகிற பிரபுல்லா மூட்டைகளை மொட்டைமாடியில் இறக்கி வைத்துவிட்டு, மேற்கே தெரிந்த மலையை ஒரு பீடி நேரம் பார்த்தான். திரும்பியபோது மூட்டைகள் இல்லை. தரையில் சிமெண்டுத் தூசி மட்டும் பத்துச் சதுரமாக இருந்தது. கீழே வந்து, "போயிருச்சு அக்கா" என்றான். "சரி, எழுதிக்கிறேன்" என்றாள் துளசிமணி.

இப்படித்தான் பதிமூன்றாம் மாடி அந்த சைட்டில் பழகிப்போனது. முதல் வாரம் மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வானம்தான் இருந்தது, பருந்து ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சுப்பையன் ஒன்பது டீயைத் தனித் தட்டில் வைத்து ஹாய்ஸ்ட்டில் ஏற்றினார், காலித் தம்ளர்கள் திரும்பி வந்தன, அதில் ஒன்றின் விளிம்பில் எப்போதும் வெற்றிலைச் சிவப்பு இருந்ததால், "இதுல ஒருத்தன் பாக்குப் போடறவன்" என்று சொல்லி அந்தத் தம்ளருக்கு மட்டும் சர்க்கரையைக் கூட்டிப் போட்டார். பாதுகாப்பு அதிகாரி லாவண்யா, தலைக்கவசம் இல்லாமல் ஒரு ஆளையும் தன் சைட்டில் விட முடியாதென்று பிடிவாதமாக நின்று ஒன்பது மஞ்சள் தலைக்கவசங்களை மேலே அனுப்பினாள். "சட்டி வந்து சேந்துச்சுங்க. தண்ணி மொண்டு வெக்க நல்லா இருக்குது. காதுதான் ஒண்ணும் இல்லை, புடிக்க" என்று மறுநாள் செய்தி வந்தது. லாவண்யா அதை மூன்று முறை வாசித்துவிட்டுச் சிரிக்காமல் போனாள், மாலையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பீகாரிலிருந்து வந்த டைல்ஸ்காரர்கள் பண்டிகை இனிப்பு செய்தபோது ஒன்பது பங்கு எடுத்து வைத்தார்கள். மழை வந்த நாளில், மேலே இருப்பவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று கேட்டு வயரிங் வேலைக்காரர்கள் தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டி அனுப்பினார்கள். அவர்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் மேல் மாடிக்காரர்களைப் பற்றி யாரும் அப்படித் துருவிக் கேட்பதில்லை.

யாரென்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் நாச்சிமுத்து. அந்த சைட்டின் தலைமை மேஸ்திரி, ஐம்பதைத் தொட்டவர், பிரஷர் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சாரம் ஏறுகிறவர், இடது கால் லேசாக இழுக்கும். "ரேடியோ கரகரங்குது, பேட்டரி பழசைக் குடுத்து ஏமாத்தாதீங்க. இப்படிக்கு நாச்சிமுத்து" என்று ஒருநாள் வந்த செய்தியைத் துளசிமணி போனில் காட்டினாள்.

"இது நான்தான் துளசி" என்றார். "பாக்குப் போடறதும் நான்தான். அப்பெல்லாம் ஒரு நாளைக்கு இருபது வாட்டி போடுவேன். விடச் சொல்லி அவனுக்கு ஆராச்சும் சொல்லுங்க. நாப்பது வயசுல பல்லு ரெண்டு போகும்."

அவள் அருகில் கிடந்த செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். இரண்டு வாரமாகத் தெரிந்திருந்த ஒன்றைத் தெரியாதது போல வைத்திருந்தாள். அந்தக் கூடத்தின் தாளைப் பார்த்த அன்றே அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். நாச்சிமுத்துவின் ஜோட்டில், அவருடைய வேலைக் கூட்டத்தில், பத்துப் பேர். அதில் துளசிமணி சித்தாள், வயது பத்தொன்பது, தலையில் சும்மாடு வைத்து ஒரே ஏற்றில் பதினாறு செங்கல் கொண்டுபோவாள். அந்தக் காலத்தில் செய்தி மனிதத் தொண்டையில்தான் ஏறி இறங்கியது. கீழே இருப்பவர் கூவுவார், மணல் சலிக்கிற பாப்பாத்தி அதை வாங்கி மேலே கூவுவாள், சாரத்தில் நிற்பவன் அதை வாங்கி இன்னும் மேலே கூவுவான், ஆணி கேட்டால் தண்ணி வரும், தண்ணி கேட்டால் தச்சன் வருவான், வந்ததை வைத்து ஒரு பாட்டம் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கூவுவார்கள். சாயங்காலத்தில் தொண்டை கட்டிப்போய் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். மத்தியானம் பத்து தூக்குப்போசியும் ஒரே இடத்தில் திறக்கும், ஒருத்தி வீட்டுக் கொள்ளுப்பருப்பு இன்னொருத்தன் சோற்றில் விழும், ரேடியோ சாரத்தின் கம்பில் தொங்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் பாடும். பலகை அடிக்கிற மருதாசலம் என்கிறவன் அவளோடு மொத்தமாகப் பேசியது பத்துப் பதினைந்து வார்த்தைதான் இருக்கும். ஆனால் தினமும் அவள் போசி மூடியில் ஒரு கை வறுத்த கடலை இருந்தது, அதை யார் வைத்தது என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அந்த மண்டபத்தின் முதல் மாடியில், சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே கான்கிரீட் போட்டு எட்டே நாள் ஆகியிருந்தது. அது இறுகும்வரை அடியில் பலகையும் அதைத் தாங்கும் முட்டுக் கம்புகளும் பதினாலு நாள் நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு வேறு இடத்தில் பலகை தேவைப்பட்டதால், அன்றைக்கே பிரித்து ஏற்றச் சொல்லி லாரி அனுப்பிவிட்டார். சேதி தெரிந்த பொறியாளர், வெளி வாசலில் கலவை போட்டுக்கொண்டிருந்த துளசிமணியிடம், "ஓடு பிள்ளை, பலகையில கை வெக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். அவள் ஓடினாள். தண்ணீர்த் தொட்டியருகே வந்ததும் நின்றாள். மேலே மருதாசலம் இருக்கிறான். முகமெல்லாம் சிமெண்டு. தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவி, நழுவியிருந்த கனகாம்பரத்தை எடுத்து மறுபடி வைத்துக் கட்டினாள். அவ்வளவு நேரம்தான். படிக்கட்டில் கால் வைக்கும்போது கூடம் விழுந்தது. மருதாசலம் ஒருவன்தான் உள்ளே இருந்தான். மற்றவர்கள் வெளியே குதித்துத் தப்பினார்கள், அப்போது முறிந்ததுதான் நாச்சிமுத்துவின் கால்.

துளசிமணி அதன்பிறகு கல் சுமக்கவில்லை. தபாலில் படித்தாள், மாலை வகுப்பில் டிப்ளமோ முடித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு மகளைப் படிக்கவைத்தாள், எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் சேதி கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையையே கேட்டு வாங்கினாள். தொட்டியருகே நின்ற விஷயத்தைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

பதிமூன்றாம் மாடியில் நாள்கள் அதன் கணக்கில் ஓடின. ஒரு திங்கட்கிழமை, கான்கிரீட் போட்டாகிவிட்டது, எல்லாருக்கும் கேசரி வேண்டும் என்று செய்தி வந்தது. சுப்பையன் ஒன்பது பொட்டலம் கட்டினார். துளசிமணி காலண்டரை எடுத்து எண்ணத் தொடங்கினாள். எட்டாம் நாள் செவ்வாய், காலை பத்தேமுக்கால் மணிக்கு நால்வரும் ஒரே நேரத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். அப்படி அவர்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"பதிமூணுல லாரி வந்துருச்சு, பலகை பிரிக்கறோம்னு கூவுறாங்க" என்றார் ஆள் பார்ப்பவர்.

"எட்டு நாள்தான் ஆச்சு. நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுட்டேன்" என்றார் சோதனை பார்ப்பவர்.

"அப்ப அனுப்புங்க!"

"நாங்க சொல்றது அங்க கேக்காதுங்க. அவங்க கூவுறதுதான் நமக்கு வரும். ஆள் போய்ச் சொல்லோணும்."

"ஆரு போறது?"

"பதிவேட்டுல ஒரு பேருதான் இருக்குது" என்றார் ஆள் பார்ப்பவர். "துளசிமணி. சித்தாள். வயசு பத்தொன்பது."

கரண்ட் போயிருந்தது, ஹாய்ஸ்ட் எட்டாம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை உதறிவிட்டுப் படியேறினாள். மூன்றாம் மாடியில் டைல்ஸ்காரர் ஒருவர், "அக்கா, ஒரு நிமிஷம், இந்தக் கலர் சரிதானா?" என்றார். நிற்கவில்லை. ஐந்தாம் மாடியில் வயரிங் ஆள், "அக்கா, சுவிட்ச் எந்தப் பக்கம்?" என்றான். நிற்கவில்லை. எட்டாம் மாடியில் லாவண்யா, "அக்கா, ஹெல்மெட்!" என்று கத்தி, அவள் முகத்தைப் பார்த்தபிறகு ஒன்றும் கேட்காமல் தன்னுடையதைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள். பத்தாம் மாடியில் முட்டி இரண்டும் தீப்பிடித்தது போல இருந்தது. பன்னிரண்டைத் தாண்டி மொட்டைமாடிக்கு வந்தாள். வடக்கு மூலையில் தென்னங்கயிற்றால் கட்டிய மூங்கில் ஏணி ஒன்று மேலே போயிற்று. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். எந்தக் கணுவில் கால் வைக்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது.

மேலே கூடம் இருந்தது. சவுக்குக் கம்பு முட்டுகள் காடு போல நின்றன. மஞ்சள் தலைக்கவசங்கள் வரிசையாகத் தலைகீழாக இருந்தன, நிறையத் தண்ணீர். கருகருவென்று மீசை வைத்த, முப்பதுகூட ஆகாத நாச்சிமுத்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தான். பாப்பாத்தி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில், முதல் முட்டின் அடியில் கடப்பாரையைக் கொடுத்துக்கொண்டு நின்றவன் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு சின்னப் பையனா இவன் என்று இருந்தது அவளுக்கு. அவள் மகளைவிட ஒரு வயது கூட இருப்பான், அவ்வளவுதான்.

"ஏனுங்கம்மா, ஆரைப் பாக்கோணுங்?" என்றான் மருதாசலம்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்ஜினியர் சொல்லச் சொன்னாருங்க. பலகையில கை வெக்க வேண்டாம். பதினாலு நாள் ஆகோணும்."

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருக்கறானுங்களே."

"அடிக்கட்டும். கடப்பாரையை எடுத்துருங்க. தயவு பண்ணி எடுத்துருங்க."

அவன் மேலே கான்கிரீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கடப்பாரையை மெல்ல உருவித் தரையில் படுக்க வைத்தான். "எடுத்தாச்சுங்கம்மா. இப்படி ஓடியாந்திருக்கறீங்க, மொதல்ல ஒக்காருங்க" என்று ஒரு தலைக்கவசத்தை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதிலிருந்து குடித்தாள். தண்ணீர் தொட்டித் தண்ணீர் போலவே பாசி வாசமடித்தது.

அவன் கூடத்தின் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். "எங்க ஜோட்டுல ஒரு பிள்ளை இருக்குதுங்க. இந்தச் சேதியை அதுதான் கொண்டு வரும்னு நெனச்சேன். போற வழியில பாத்தீங்கன்னா சேதி வந்துருச்சுன்னு சொல்லீருங்க. மெதுவா வரட்டும். ஓடியாந்தா பூவெல்லாம் உதுந்துரும்."

"சொல்றேனுங்க" என்றாள் துளசிமணி. அவனிடம் சொல்வதற்காக இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஓர் அம்மாளுக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் பேசக்கூடிய பேச்சாக இல்லை. தலைக்கவசத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

மொட்டைமாடியில் நாச்சிமுத்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் பின்னாலேயே பன்னிரண்டு மாடியும் ஏறி வந்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. அவள் அவர் அருகில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, பேச்சு வந்தது. தொட்டியருகே நின்றதை, முகம் கழுவியதை, பூ வைத்ததை எல்லாம் முதன்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னாள்.

"தெரியுமே" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"மேல இருந்து பாத்தோம் அம்முணி. அவன் கடப்பாரையை முட்டுல குடுத்துட்டான், நாங்க எட்டுப் பேரும் அடியில நிக்கறோம். அப்பத்தான் நீ தொட்டிகிட்ட வந்து நின்ன. அவன் கடப்பாரையைப் போட்டுட்டு, 'அங்க பாருங்கடா, அங்க பாருங்கடா'ன்னு எங்களையெல்லாம் ஓரத்துக்குக் கூப்பிட்டான். நாங்க நின்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தோம். லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். 'நீங்க பாத்துட்டு இருங்க, நான் போய் ஒரு முட்டு தட்டிட்டு வர்றேன்'னு அவன் மட்டும் உள்ள போனான். ஓரத்துல நின்னதால நாங்க மணலுல குதிச்சோம்."

அவள் லாவண்யாவின் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நிக்காம ஓடியாந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. நின்னதால என்ன ஆச்சுன்னு தெரியும். எட்டுப் பேரு. பாப்பாத்திக்குப் பேரன் பொறந்திருக்கான்."

"இத்தனை வருஷமா ஏண்ணா சொல்லலை?"

"நீ எங்க பக்கமே திரும்பலையே. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். அவன் உன்னைப் பாத்துட்டு இருந்தது, அது உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

கரண்ட் வந்தது. ஹாய்ஸ்ட் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தது, பிரபுல்லா ஒன்பது டீயோடு இறங்கினான். இரண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவர்கள் எடுக்கவில்லை.

ஏழாம் நாள், மறு செவ்வாய், மத்தியானம் கடைசிச் செய்தி வந்தது. பலகை பிரித்தாகிவிட்டது, விரிசல் ஒன்றும் இல்லை, ஒன்பது பேரும் வேறு வேலைக்குக் கிளம்புகிறோம், இனிமேல் டீ வேண்டாம். துளசிமணி அதை உரக்க வாசித்தாள். சுப்பையன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். மருதாசலம் இறந்தவனாகத்தான் இருந்தான், அவன் ஊரில் சமாதிக் கல்லில் பெயர் அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் நாச்சிமுத்துவும் அங்கே போய்ச் செடி வைத்துவிட்டு, பாப்பாத்தி வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்த்து, கொள்ளுப்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பேசப் பேசத் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்று பேரும் ஒரே குரலில் பேசினார்கள்.

தை மாதம் வீடுகளை ஒப்படைத்தார்கள். வரைபடத்தில் பதிமூன்றாம் தாளை யாரும் எடுக்கவில்லை. சித்திரை பிறந்து கோயமுத்தூரே வெந்துகொண்டிருந்த நாளில், பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி அம்மா ஒருவர் துளசிமணிக்குப் போன் செய்தார்.

"குறை சொல்லக் கூப்பிடலைம்மா. மேல் மாடி வீடு வேண்டாம், மொட்டைமாடி வெயில் அப்படியே இறங்கும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. இங்க என்னன்னா பகல்ல ஃபேன்கூட தேவைப்படலை. தரையில பாய் போட்டுப் படுத்தா அவ்வளவு குளுகுளுன்னு இருக்கு. எங்களுக்கு மேல இன்னொரு மாடி இருக்கா?"

"இருக்குதுங்க" என்றாள் துளசிமணி. "நல்ல வேலை. பதினாலு நாள் முட்டு நின்னது."